லம்மெர்ட் சுமந்த செங்கல்

ருய்னன் ஊரில் நடந்து போகிற எவரும் லம்மெர்ட்டின் வேலையை மிதிக்காமல் போக முடியாது. தேவாலயத்தைச் சுற்றிவரும் சாலை, பள்ளிக்கூட வாசல், முன்பு வங்கியாக இருந்து இப்போது முடிவெட்டும் கடையாகிவிட்ட கட்டடத்தின் முற்றம், எல்லாம் அவர் மண்டியிட்டுப் பதித்த செங்கல். நாற்பத்தொரு வருடம் அதே வேலை. ஒரு செங்கல்லைக் கையில் கொடுத்தால் போதும், எந்தச் சூளை, எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அறுபத்தொன்பது வயதில் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, முதுகும் கொஞ்சம் வளைந்துவிட்டது. தன் உடம்பைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் மட்டும் தேயவே இல்லை.

அந்தக் கர்வத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் அதே தெருக்காரர்கள். எங்கள் பக்கத்தில் பக்கத்து வீடு என்றால் சொந்தத்துக்கு ஒரு படி மேல். குழந்தை பிறந்தால் முதலில் வந்து பார்ப்பவரும், செத்தால் பெட்டியைத் தோளில் தூக்குபவரும் பக்கத்து வீட்டுக்காரர்தான். இடைப்பட்ட காலத்தில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதும் அவர்களே. மூன்று வீடுகள், மூன்று தம்பதிகள். ஜூன் மாதம் வந்தால் ஒரு வாரம் எல்லோரும் சேர்ந்து சைக்கிள் பயணம். ஊர் ஊராகச் சின்ன விடுதிகளில் தங்கி, ஞாயிறு கிளம்பிச் சனிக்கிழமை திரும்புவார்கள். இருபத்துநான்கு வருடமாக ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

வழி நடத்துபவர் வூபோ. டிராக்டர் விற்றுப் பிழைத்தவர், வாய்தான் மூலதனம். எங்கள் சைக்கிள் பாதைகளில் சந்திக்குச் சந்தி எண் எழுதிய வழிகாட்டிக் கம்பம் நிற்கும், அன்றைக்குப் போக வேண்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு முன்னால் போவார். அவர் மனைவி ஹில்யே. லம்மெர்ட்டின் மனைவி ரூல்ஃபீனும் அவளும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மூன்றாவது தம்பதி கார்ஸும் அலைடாவும். கார்ஸுக்கு ஒரு முட்டி சொந்தம், இன்னொன்று ஆஸ்பத்திரியில் வைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் வூபோ தம்பதியும் கார்ஸ் தம்பதியும் பேட்டரி சைக்கிள் வாங்கினார்கள். தான் மட்டும் சொந்தக் காலில் ஓட்டுவதாகப் பீற்றிக்கொண்ட லம்மெர்ட் அந்த விஷயத்தை லேசில் விடவில்லை. கார்ஸுக்கு ‘கரண்டுப் பொணம்’ என்று பெயர் வைத்தார். வூபோவுக்கு இருதயத்தில் கருவி பொருத்தியபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, “நெஞ்சுல ஒரு பேட்டரி, சைக்கிள்ல ஒரு பேட்டரி. நீ மனுசனாடா, டார்ச் லைட்டாடா?” என்று கேட்டார். வூபோவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் உண்மையிலேயே பயந்துபோய்ப் படுத்திருந்தார், சிரித்தபடியே அதை மனதில் போட்டுவைத்துக்கொண்டார்.

இந்த வருடம் பிப்ரவரியில் ரூல்ஃபீனுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. மெப்பலில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தின் கீழ்த்தளத்தில் நான்கு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். பேச்சு மெதுவாகத் திரும்பியது, கால் திரும்பவில்லை. இனிமேல் இரண்டே வழி. வீட்டுக்கு அழைத்துப் போகலாம், அல்லது அதே இல்லத்தின் மாடியில் நிரந்தரமாக ஓர் அறை. மாடிக்குப் போனவர்கள் யாரும் வீடு திரும்பியதாகக் கேள்வியில்லை.

பயிற்சி கொடுத்த பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். “ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை தூக்கணும் சார். கட்டில்லேருந்து நாற்காலி, நாற்காலியிலேருந்து டாய்லெட். எழுபத்திநாலு கிலோ. மெஷின் வெச்சாலும் பாதி பாரம் உங்க மேலதான். உங்களுக்கும் வயசாச்சு. நல்லா யோசிச்சு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க. மாடியில ஒரு ரூம் காலியாகுது.”

வெள்ளிக்கிழமை என்றால் சைக்கிள் வாரத்தின் வெள்ளிக்கிழமை. வேறொருவர் பயணத்தை ரத்து செய்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். லம்மெர்ட்டுக்குத் தோன்றியது வேறு. மனைவியின் சக்கர நாற்காலிக்கு முன்னால் குனிந்து நின்று, தான் கண்டுபிடித்ததை ஏதோ பரிசு கொடுப்பதைப் போலச் சொன்னார்.

“இந்த வாரம் பூரா என் சொந்தக் கால்ல ஓட்டப் போறேன். முன்னூறு கிலோமீட்டர். அதை ஓட்டி முடிச்சேன்னா உன்னைத் தூக்கற தெம்பு எனக்கு இருக்குன்னு அர்த்தம். வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சரியா?”

ரூல்ஃபீன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “போயிட்டு வா,” என்றாள். நண்பர்களிடம் லம்மெர்ட் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இந்த ஊர் ஆண்கள் வயிற்றுப் பிரச்சினையைக்கூட வெளியே சொல்வார்கள், மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

லம்மெர்ட்டுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வூபோவின் பையில் பத்துச் செங்கல் இருந்தது. தன் வீட்டு வாசலிலிருந்தே பெயர்த்து எடுத்தவை. அந்த வாசலைப் போட்டதும் லம்மெர்ட்தான். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. ஞாயிறு வழியில் காப்பிக்கு நிற்கும்போது, மற்ற நாள் காலையில் லம்மெர்ட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என அவருடைய கேரியர் பைக்குள் போட வேண்டும். வியாழக்கிழமை பத்தும் போய்ச் சேர்ந்துவிடும். சனிக்கிழமை காப்பிக் கடையில் எல்லோர் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் அந்தத் தார்ப்பாய்ப் பையை லம்மெர்ட் கழற்றுவதே கிடையாது. துணிமூட்டையை மட்டும் மேலே எடுப்பார். அடியில் மழைக்கோட்டும் பழைய சாக்கும் கிடக்கும். மழை பெய்தால் கோட்டை எடுப்பார், திட்டம் கெட்டுவிடும் என்று ஹில்யேதான் கவலைப்பட்டாள்.

“பெய்யாது,” என்றார் வூபோ. “பெஞ்சாலும் அவன் கோட்டு போட மாட்டான். நனைஞ்சுகிட்டே ஓட்டி நமக்குப் பெருமை காட்டுவான்.”

மழை பெய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓமன் வரை லம்மெர்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை ஓட்மார்சம் போகும் வழியில், எதிர்காற்று வழக்கத்தைவிட பலமாக இருப்பதாக நினைத்தார். செவ்வாய்க்கிழமை காற்று அடங்கிவிட்டது, பாரம் அடங்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாகத் தன் தொடையைத் தடவிப் பார்த்தார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர்கள் எண் கம்பத்தில் நின்று பின்னால் வருகிறவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதாவது வேகமாகப் போகிறவர்களுக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஓய்வு, ஆப்பிள், தண்ணீர், அரட்டை. மெதுவாக வருகிறவருக்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு கிடையாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியதே லம்மெர்ட்தான். பேட்டரி இல்லாத காலத்தில் கார்ஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும்போது, “வந்துட்டியா? சரி, கிளம்பு” என்று முதலில் மிதித்தவர் அவர். இப்போது கார்ஸின் முறை.

“வந்துட்டியா லம்மெர்ட்?” கார்ஸ் ஆப்பிள் கட்டையைப் புதரில் வீசினார். “சரி, கிளம்பலாம்.”

“ரெண்டு நிமிசம் நில்லேன்டா.”

“எதுக்கு? ஒனக்குத்தான் சொந்தக் காலு இருக்கே!”

நால்வரும் பொத்தானை அழுத்திக்கொண்டு போய்விட்டார்கள். சிரிப்புச் சத்தம் மக்காச்சோள வயலைத் தாண்டியும் கேட்டது.

புதன்கிழமை காலை சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்ற முடியாமல் இரண்டு தடவை முயன்றார். ஒரு காலத்தில் ஒரே மூச்சில் பதினாறு செங்கல்லை இடுக்கியில் கவ்வித் தூக்கிய கை அது. செங்கல்லின் எடையைக் கையிலேயே சொல்லிவிடுகிற மனிதருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் எடை பார்த்துக்கொண்டிருந்தது சைக்கிளை அல்ல, தன்னை. உடம்பு குறைகிறது என்று ஒருமுறை நினைத்துவிட்டால் பையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கால், பிறகு மூச்சு, பதினோரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. அன்று சாப்பிடும்போது அவர் அதைத்தான் கணக்குப் போட்டார். சூப்பில் பாதியை மிச்சம் வைத்தார்.

“என்னப்பா, சாப்பாடு எறங்கலையா?” என்றாள் அலைடா.

“ரூல்ஃபீன் நினைப்பா இருக்கும்,” என்றாள் ஹில்யே. அது ஓரளவு உண்மையும்கூட.

வியாழக்கிழமை பத்துச் செங்கல்லும் பையில் சேர்ந்துவிட்டன. அன்றைக்கு வழி ஹோல்ட்டன் குன்றைத் தாண்டிப் போகிறது. வெளியூர்க்காரன் பார்த்தால் அதைக் குன்று என்றே சொல்ல மாட்டான். நமக்கு அது மலைதான். வருடாவருடம் அதன் உச்சியில் முதலில் போய் நின்று, ஏறி வருகிறவர்களைக் கைதட்டி வரவேற்பது லம்மெர்ட்டின் உரிமை.

பாதி ஏற்றத்தில் அவருடைய மூச்சு சீழ்க்கையடித்தது. பைன் மரங்களுக்கு நடுவே, இருதயம் காதுக்குள் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வளைவில் சைக்கிள் நின்றேவிட்டது. இறங்கினார். இருபத்துநான்கு வருடத்தில் இந்தப் பாதையில் அவர் காலை ஊன்றியது இதுதான் முதல்முறை. தள்ளிக்கொண்டு நடந்தபோது, சைக்கிளின் முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்துக்கொண்டு ஒரு பெண் அவரைத் தாண்டிப் போனாள். குழந்தைகளில் ஒன்று அவருக்கு டாட்டா காட்டியது.

உச்சியில் வூபோ கைதட்டினார். “பாருங்க, பாருங்க! சொந்தக் காலு வருது! நடந்து வருது!”

கார்ஸ் மொபைலில் படம் பிடித்தார். அலைடா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லம்மெர்ட் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, புல்வெளியைத் தாண்டித் தள்ளிப் போடப்பட்டிருந்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம் என்று பின்னாலேயே போன ஹில்யே, அவர் பேசுவதைக் கேட்டு நான்கடி தள்ளி நின்றுவிட்டாள்.

“நான் லம்மெர்ட் பேசறேங்க, ரூல்ஃபீனோட வீட்டுக்காரர். ஆமா, வெள்ளிக்கிழமைன்னீங்க, இப்பவே சொல்லிடறேன். முடியாதுங்க. இல்ல, அவளால இல்ல, என்னால முடியாது. தெம்பு இருக்குன்னு நினைச்சேன். இந்த வாரம் சைக்கிள் ஓட்டிப் பாத்தேன், இல்ல. ஆமா. மாடி ரூமை அவளுக்கே குடுத்துருங்க. நீங்களே அவகிட்ட சொல்லிருங்க, எனக்கு…” அதற்கு மேல் கொஞ்ச நேரம் எதிர்முனையில் இருந்த பெண்ணே பேசினாள். “சரிங்க. நன்றிங்க,” என்று சொல்லி வைத்தார். பிறகு இரண்டு முழங்கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அழுதார்.

ஹில்யே பாட்டிலோடு திரும்பி வந்தாள். வூபோவைத் தனியே இழுத்துச் சொன்னாள்.

“அவன் ஃபோன் பண்ணிட்டான் வூபோ. ரூல்ஃபீனை வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டான். தனக்குத் தெம்பு இல்லைன்னு நினைச்சுக்கிட்டான். இப்பவே போய்ச் சொல்லிரு.”

வூபோவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பொய் சொல்லக் கூடாது, வெளுத்தது. பிறகு அவருடைய வாய் அவரைக் காப்பாற்றியது.

“இதைச் சொல்லி என்ன ஆகப் போகுது ஹில்யே? அவன் அவளைத் தினமும் பொழுதுக்கும் தூக்கப் போறானா? அறுபத்தொம்பது வயசுல? ரெண்டு மாசத்துல ரெண்டு பேரையும் நாமதான் தூக்கணும். அவனா எடுத்த முடிவு, நல்ல முடிவு. சனிக்கிழமை சொல்லிக்கலாம். ரெண்டு நாள்தானே.”

“கல்லையாவது எடுத்துரு.”

“எடுத்தா தெரிஞ்சுரும்.”

ஹில்யே யோசித்தாள். ரூல்ஃபீன் மாடிக்குப் போய்விட்டால் தனக்கும் ஒரு பாரம் குறையும் என்பது அவளுடைய யோசனையில் இருந்தது. பக்கத்து வீடு என்றால் பக்கத்து வீட்டுக் கடமை. லம்மெர்ட் மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் காலையும் மாலையும் அந்தக் கதவைத் தட்ட வேண்டியவள் அவள்தான். அறுபது வருட சிநேகிதத்துக்கு இப்படி ஒரு கணக்கு போட்டுவிட்டு, அவள் அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஆற்றங்கரை மேட்டின்மீது லம்மெர்ட்டோடு சேர்ந்து மெதுவாக ஓட்டியவள் அவள் மட்டும்தான். மற்ற மூவரும் புள்ளியாகத் தெரிந்தார்கள்.

“ரூல்ஃபீனுக்கு அங்க நல்லாத்தான் இருக்கும், லம்மெர்ட். நல்ல மனுசங்க, நல்ல சாப்பாடு.”

லம்மெர்ட் திரும்பிப் பார்த்தார். “எங்க?”

“பொதுவாச் சொன்னேன்,” என்றாள் ஹில்யே. பொத்தானை அழுத்தி முன்னால் போய்விட்டாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஹாசெல்ட்டில் கால்வாயோரக் காப்பிக் கடை. ஐந்து காப்பி, ஐந்து ஆப்பிள் கேக், மேலே அடித்த க்ரீம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. வூபோ எழுந்து நின்று கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“லம்மெர்ட், ஒன் மழைக்கோட்டைக் கொஞ்சம் குடேன். மழை வர்ற மாதிரி இருக்கு.”

பக்கத்து மேசைக்காரர்களிடம் ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லிவைத்திருந்தார். எல்லோரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். லம்மெர்ட் ஒன்றும் புரியாமல் எழுந்து போய், பையைத் திறந்து, கோட்டை இழுத்தார், சாக்கையும் இழுத்தார். அடியில் செங்கல். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து.

கடையே வெடித்துச் சிரித்தது. கார்ஸின் மொபைல் அவர் முகத்துக்கு நேராக வந்தது.

“சொந்தக் காலு, சொந்தக் கல்லு!” என்று கத்தினார் வூபோ. “நீ போட்ட கல்லுதான்டா, என் வாசல்லேருந்து! டார்ச் லைட்டுன்னியே, பாத்தியா டார்ச் லைட்டு வெளிச்சத்தை! மொத நாள் பத்தையும் என் பேட்டரி சொமந்தப்ப ஒண்ணுமே தெரியல!”

லம்மெர்ட் ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரித்தவர்களில் சிலர் நிறுத்திக்கொண்டார்கள்.

“ரெண்டு கிலோ,” என்றார். “பத்து. இருபது கிலோ.” பிறகு கேட்டார், “குன்னு ஏறினப்ப பத்தும் இருந்துச்சா?”

“பத்தும்!” என்றார் வூபோ.

“அப்ப எனக்கு ஒண்ணுமில்ல.”

அதை அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அடுத்த கணம் முகம் மாறியது. ஹில்யே தட்டில் இருந்த க்ரீமைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். லம்மெர்ட் அவளைப் பார்த்தார், அவள் நேற்று ஆற்றங்கரையில் சொன்னது அவருக்கு இப்போது விளங்கியது.

“ஹில்யே, ஒனக்கு எப்பத் தெரியும்?”

இந்த ஊரில் கேள்வியை நேராகக் கேட்டால் பதிலை நேராகச் சொல்லியாக வேண்டும். “வியாழக்கிழமை. நீ ஃபோன் பேசறப்ப பின்னால நின்னேன்.”

“நின்னுட்டு?”

“வந்துட்டேன்.”

லம்மெர்ட் செங்கல்லை மேசைமேல், ஆப்பிள் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். மற்ற ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் பிசகாமல் வரிசையாகப் பதித்தார். கை தானாகச் செய்கிற வேலை அது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஹில்யே பின்னாலேயே ஓடிவந்து தன் சைக்கிளில் ஏறி, “லம்மெர்ட், நில்லுப்பா, நானும் வர்றேன், நான் ரூல்ஃபீன்கிட்டப் பேசறேன்!” என்று கத்திக்கொண்டே மிதித்தாள். அவளுடைய பேட்டரி இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரைதான் தள்ளும். அதற்கு மேல் சொந்தக் கால் வேண்டும். முதல் பாலத்திலேயே அவள் பின்தங்கிவிட்டாள்.

மெப்பல் வரை இருபது கிலோமீட்டர். முதுகில் காற்று. லம்மெர்ட் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. இருபது கிலோ போன சைக்கிள் தானாகப் பறந்தது. மூச்சு சுலபமாக வந்தது, கால் கேட்டதைக் கொடுத்தது. கோபம் வர வேண்டிய நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது, தனியாக வாய்விட்டுச் சிரித்தார். செத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்த மனிதருக்கு உயிர் திரும்பக் கிடைத்திருக்கிறது. ரூல்ஃபீனிடம் எப்படிச் சொல்ல வேண்டும், அவள் எப்படிச் சிரிப்பாள் என்றெல்லாம் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். நண்பர்களைக்கூடப் பாதி மன்னித்துவிட்டார்.

இல்லத்தின் கீழ்த்தளத்தில் அவளுடைய கட்டிலில் வேறொரு அம்மா படுத்திருந்தார். “அவங்களா? நேத்தே மாடிக்குப் போயிட்டாங்களே,” என்றார் அந்த அம்மா.

மாடியில் பன்னிரண்டாம் எண் அறை. கதவில் பெயரை எழுதி ஒட்டிவிட்டார்கள். ரூல்ஃபீன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லம்மெர்ட் கதவைத் தட்டக்கூட இல்லை. உள்ளே போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். வூபோ, செங்கல், குன்று, ஹில்யே, காப்பிக் கடை.

“இருபது கிலோ ரூல்ஃபீன்! இருபது கிலோவை வெச்சுக்கிட்டு நான் ஓட்டிருக்கேன்! எனக்கு ஒண்ணுமே இல்ல. திங்கட்கிழமை ஆபீஸ்ல சொல்லிடறேன். வா, வீட்டுக்குப் போலாம்.”

ரூல்ஃபீன் சிரிக்கவில்லை. அவளுடைய வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும், ஆனால் தவறாமல் வரும்.

“நான் எழுபத்திநாலு.”

“தெரியும். தூக்குவேன்.”

“இருபது கிலோ கூடுச்சு. ஒடனே ஃபோன் பண்ணிட்ட.”

“அது கல்லுன்னு எனக்குத் தெரியாதே! எனக்கு ஏதோ வியாதின்னு நினைச்சேன்.”

“ஒரு நாள் வரும். நெசமாவே வியாதி. அன்னைக்கும் ஃபோன் பண்ணுவ.”

“ரூல்ஃபீன்…”

“என்கிட்டப் பண்ணல. அவங்ககிட்டப் பண்ண. அந்தப் பொண்ணு வந்து சொல்லுச்சு. பாவம். அதுக்கு அழுகை வந்துருச்சு.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். “இங்க இருக்கறவங்க யாரும், என்னைத் தூக்கறதுக்கு முன்னாடி, சைக்கிள் ஓட்டிப் பாக்கல.”

நண்பர்கள்மேல் போட்டுவந்த பழி முழுவதும் லம்மெர்ட்டின் கையிலேயே திரும்ப விழுந்துவிட்டது. முன்னூறு கிலோமீட்டரில் ஒருமுறைகூட இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டாலும் பிடிவாதம் போகவில்லை, நாற்பத்தொரு வருடம் உடம்பால் மட்டுமே பதில் சொன்ன மனிதர்.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். “சாப்பாட்டு மேசைக்குப் போலாமா ரூல்ஃபீன்? முன்னாடி டாய்லெட் போயிட்டு வந்துரலாம்.”

“நான் தூக்கறேன்,” என்றார் லம்மெர்ட்.

“சார், அதுக்கு மெஷின் இருக்கு.”

“நான் தூக்கறேன்மா.”

குனிந்தார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு காலை அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து, கைகளை அவளுடைய அக்குளுக்கு அடியில் கொடுத்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு எழுந்தார். ரூல்ஃபீன் மேலே வந்தாள். முட்டி நடுங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவரே நினைத்திருக்கவில்லை. அவளுடைய நல்ல கை, இடது கை, அவர் கழுத்தைச் சுற்றி வந்திருக்க வேண்டும். அது தொங்கிக்கொண்டே இருந்தது.

“பாத்தியா?” என்றார் அவள் காதோரம். “முடியுதுல்ல? சொல்லு, முடியுதுல்ல?”

“முடியுது,” என்றாள் ரூல்ஃபீன். “எறக்கி விடு.”

அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பணிப்பெண் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, மெதுவாக இறக்கி உட்காரவைத்தார்.